மல்லிக்கு என்ன ஆச்சு? வளர்ப்பு இகுவானாவின் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, 'ஆக்சுவலி', 'பேசிக்கலி' எல்லாத்தையும் வெட்டி, வாசிக்கிற மாதிரி தொகுத்திருக்கோம்.)

போன வாரம் முடிக்கும்போது "அடுத்த எபிசோட் பல்லி பத்தி"னு சொன்னேன். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதி, "ப்ரோ, பல்லி விழும் பலனா?"னு கேட்டிருந்தீங்க. இல்ல. பல்லியே விழுந்த கதை. அதுவும் என்னால விழுந்த கதை.

எங்க வீட்ல ஒரு பச்சை இகுவானா இருக்கு. பேரு மல்லி. வாங்கிட்டு வந்த அன்னிக்கு ஒரு கொத்தமல்லிக் கட்டு அளவுதான் இருந்துச்சு, நிறமும் அதேதான். அம்மா வச்ச பேரு. இப்போ ரெண்டரை வயசு, வாலோட சேர்த்து மூணடிக்கு மேல. நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா காடுகள்ல ஆத்தோர மரத்து மேல வாழற ஜீவன், வேளச்சேரில ரெண்டாவது மாடில என்னோட வொர்க் டேபிளுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு. அது சரியா தப்பானு ஒரு தனி எபிசோடே போடலாம். இன்னிக்கு, ஏற்கெனவே வளர்க்கறவங்களுக்காகப் பேசறேன்.

சட்டத்தை மட்டும் ஒரு வரில சொல்லிடறேன். இகுவானா சைட்டீஸ் ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல இருக்கு. 2024 விதிகள்படி அதை பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும். உடும்பு, பச்சோந்தி மாதிரி நம்ம ஊர் உயிர்களை வீட்ல வைக்கவே கூடாது. இதை ஏன் இங்க சொல்றேன்னா, பேப்பர் இல்லங்கற பயத்துலயே டாக்டர்கிட்ட போகாம இருக்கறவங்க இருக்காங்க. அதுல சாகறது பல்லிதான்.

சரி, கதைக்கு வருவோம். கடைக்காரர் மூணு விஷயம் சொன்னார். கீரை போடுங்க, லைட் போடுங்க, கைல எடுத்துப் பழக்குங்க. மூணையும் பண்ணேன். மூணடிக் கண்ணாடித் தொட்டி, மேல பளிச்னு ஒரு எல்இடி, ஓரத்துல ஒரு சூடு பல்பு. தொட்டியை ஜன்னல் பக்கத்துல வச்சேன், வெயில் படட்டும்னு. என்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? ஒரு டெம்பரேச்சர் சென்சார் மாட்டி, வைஃபை போர்டுல இணைச்சு, டெலிகிராம்ல அலர்ட் வர்ற மாதிரி எழுதிவச்சேன். டாஷ்போர்டு அவ்ளோ அழகு. 35 டிகிரி, பச்சைக் கோடு, ஒரு ஆட்டம் இல்ல.

ஏழாவது மாசம் ஒரு நாள் ராத்திரி பாக்கறேன், தூங்கிட்டிருந்த மல்லியோட பின்னங்கால் விரல்கள் துடிக்குது. பழைய டியூப்லைட் எரியறதுக்கு முன்னாடி மினுக்குமே, அந்த மாதிரி. எனக்கு அது க்யூட்டா பட்டுச்சு. வீடியோ எடுத்து, "மல்லி கனவு காணுது"னு ஸ்டோரி போட்டேன். நாப்பது பேர் ஹார்ட் விட்டாங்க. அதே வாரம் அப்பா பாத்துட்டு, "பரவால்லடா, நல்லா தொடை போட்டிருக்கு"ன்னாரு. எனக்குப் பெருமை வேற.

விரல் துடிக்கறதும் தொடை பருக்கறதும் ஒரே நோயோட ரெண்டு அறிகுறி. எங்க வீட்ல மூணு பேர் பாத்தோம், மூணு பேருக்கும் தெரியல. நாலு நாள் கழிச்சு மல்லி கிளைல ஏறப் போய், பிடி நழுவி விழுந்துச்சு. தூக்கிப் பாத்தா கீழ்த்தாடை சரியா மூடல. விரலால லேசா தொட்டேன். எலும்பு இருக்க வேண்டிய இடம் பென்சில் ரப்பர் மாதிரி வளைஞ்சுது. அந்த உணர்வு இன்னும் என் விரல்ல இருக்கு.

ரெண்டு கிளினிக்ல "நாங்க நாய், பூனை மட்டும்தான் பாப்போம்"னு நேர்மையா சொல்லிட்டாங்க. மூணாவதா பறவை, ஊர்வன எல்லாம் பாக்கற ஒரு டாக்டர் கிடைச்சாங்க. துண்டுல சுத்தி எடுத்துட்டு ஓடினேன். அவங்க மல்லியைத் தொடறதுக்கு முன்னாடியே கேட்டாங்க, "பெட்டியோட போட்டோ இருக்கா?"

போன்ல காட்டினேன். பெருசு பண்ணிப் பாத்தாங்க.

"யூவி-பி பல்பு எது?"

"இந்த வெள்ளை லைட், டாக்டர்."

"இது வெறும் எல்இடி. வெயில்ல வைக்கறீங்களா?"

"ஜன்னல் பக்கத்துலதான் டாக்டர் இருக்கு. தினமும் காலைல நல்லா வெயில் விழும்."

"ஜன்னல் திறந்திருக்குமா, கண்ணாடி மூடியிருக்குமா?"

ஏசி ரூம். எப்படித் திறந்திருக்கும்?

"தம்பி, அது ஏழு மாசமா வெளிச்சத்தைத்தான் பாத்திருக்கு. வெயிலைப் பாக்கல"ன்னாங்க.

இந்த நோய்க்கு வளர்சிதை எலும்பு நோய்னு பேரு. வளர்ப்புப் பல்லிகள்ல ரொம்பப் பரவலா வர்றது இதுதான். இகுவானா, பியர்டட் டிராகன் மாதிரி பகல்ல திரியற இனங்களுக்கு அதிகம். இதோட மெக்கானிசம் தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும்கறதால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

சாப்பாட்டுல இருக்கற கால்சியம் ரத்தத்துல ஏறணும்னா வைட்டமின் டி3 வேணும். இகுவானா சாப்பிடறது முழுக்க இலை தழை. அதுல டி3 கிடையாது. அதனால தோல்லயே தயாரிச்சுக்குது. சூரிய ஒளில யூவி-பினு ஒரு பகுதி இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. அது தோல்ல படும்போது அங்க இருக்கற ஒரு கொழுப்புப் பொருள் டி3-யோட முன்வடிவமா மாறும். அந்த முன்வடிவம் டி3 ஆகறதுக்கு உடம்புச் சூடு வேணும். அப்புறம் கல்லீரல்ல ஒரு மாற்றம், சிறுநீரகத்துல ஒரு மாற்றம். இவ்வளவும் முடிஞ்சாதான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்த யூவி-பியைக் கிட்டத்தட்ட முழுசா நிறுத்திடும். வெளிச்சம் வரும், சூடு வரும், வேலை செய்யற சமாச்சாரம் மட்டும் வெளியவே நின்னுடும்.

ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா இதயமும் தசையும் ஓடாது. அதனால கழுத்துப் பக்கம் இருக்கற பாராதைராய்டு சுரப்பி ஒரு ஹார்மோனை விட்டு எலும்புல இருந்து கால்சியத்தைக் கரைச்சு எடுக்கும். இது அவசரக் கடன். வட்டியும் எலும்புலயே போகும். எலும்பு மெலிஞ்ச இடத்துல உடம்பு நார்த்திசுவைப் போட்டு முட்டுக் கொடுக்கும். அந்த நார்தான் அப்பா பாத்த 'தொடை'. கொழுப்பு இல்ல, சதை இல்ல, கட்டியா இருக்கும். கடைசில எலும்புலயும் எடுக்க ஒண்ணும் இல்லாம போகும்போது ரத்தத்துல கால்சியம் விழும், அப்போதான் விரல் துடிக்கும். அதாவது, நான் ஸ்டோரி போட்டது முதல் அறிகுறியே இல்ல. கடன் வாங்கறதுக்கு வேற வழியில்லாத கட்டம். இதனாலதான் ரத்தப் பரிசோதனைல கால்சியம் நார்மல்னு வந்தாலும் நம்பிட முடியாது, எக்ஸ்ரே வேணும்னு டாக்டர் சொன்னாங்க. மல்லியோட எக்ஸ்ரேல எலும்பு எங்க முடியுது, சதை எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. பென்சில்ல வரைஞ்சு பாதி அழிச்ச மாதிரி இருந்துச்சு. எடை 84 கிராம்.

இப்போ என்னோட சென்சார். டாக்டர் கேட்ட அடுத்த கேள்வி, "35 டிகிரி எங்க?" சென்சார் தொட்டியோட மேல் மூலைல, பல்புக்குப் பக்கத்துல இருந்துச்சு. மல்லி உக்கார்ற கிளைல வீட்டுக்குப் போய் அளந்தா 28. ராத்திரி பல்பை அணைச்சுட்டு ஏசி போட்டுத் தூங்குவேன், அப்போ 22. டாஷ்போர்டு முழுக்க பச்சை, ப்ரொடக்‌ஷன் ஏழு மாசமா டவுன். ஆபீஸ்ல இப்படி ஒரு மானிட்டரிங் வச்சிருந்தா என்னை என்ன பண்ணியிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

சிகிச்சை எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன். நீங்க காப்பியடிக்க இல்ல, டாக்டர் ஏன் எதைப் பண்றாங்கன்னு புரியறதுக்கு. துடிப்பு இருந்ததால முதல்ல கால்சியம் ஊசி. மருந்து அளவு எல்லாம் கிராம் கணக்குல இருக்கற உடம்புக்கு, அதனால தராசு இல்லாம ஒண்ணும் ஆரம்பிக்கல. ஊசியை முன்னங்கால் பக்கம் போட்டாங்க. ஊர்வனவற்றுக்கு உடம்போட பின்பாதி ரத்தம் சிறுநீரகம் வழியா போற ஒரு பாதை இருக்கு, பின்னங்கால்ல போட்டா மருந்து உடம்பு முழுக்கப் பரவறதுக்கு முன்னாடி அங்க போக வாய்ப்பிருக்குன்னாங்க. அப்புறம் வாய்வழி கால்சியம் சிரப், வாரக்கணக்குல. டி3 கொஞ்சம் தள்ளி, அளந்து. கிளை எல்லாத்தையும் எடுத்துட்டு தரையோட தரையா ஒரு கட்டை. இந்த எலும்பு ஒரு அடி உயரத்துல இருந்து விழுந்தாலும் உடையும். கைல எடுக்கவே கூடாது. கடைக்காரரோட மூணாவது அறிவுரை அன்னியோட ரத்து.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர்ல பாதி வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒரு வைட்டமின் டி3 பாக்கெட்டோ கேப்சூலோ இருக்கும், 60,000 யூனிட். "டி3தானே குறைவு, கொஞ்சம் நாக்குல தடவுவோம்"னு நினைக்காதீங்க. அது ஒரு முழு மனுஷனுக்கு வாரம் ஒண்ணுனு கொடுக்கறது. 84 கிராம் உயிருக்கு அது விஷம். டி3 அதிகமானா கால்சியம் எலும்புக்குப் போகாம ரத்தக்குழாய்லயும் சிறுநீரகத்துலயும் படியும். தோல்ல வெயில் பட்டுத் தயாராகற டி3-க்கு உடம்பு தானே ஒரு உச்சவரம்பு வச்சிருக்கு. வாய்ல ஊத்தறதுக்கு அது கிடையாது.

உண்மையான மருந்து பெட்டிலதான் நடந்துச்சு. ஊர்வனவற்றுக்குன்னே வர்ற நீளமான யூவி-பி டியூப், டப்பால போட்டிருக்கற தூரத்துல, நடுவுல கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாம. அந்த டியூப் எரிஞ்சுட்டே இருக்கும், ஆனா 6 மாசத்துல இருந்து 1 வருஷத்துக்குள்ள யூவி-பி வெளியீடு விழுந்துடும். அதனால மாத்தற தேதியை டியூப் மேலயே எழுதி ஒட்டுங்க. வெயில் காயற கிளைல 35 டிகிரி, எதிர் ஓரத்துல 27 போல. ஒரே சூடு வேண்டாம். சூடா வேணுமா குளிர்ச்சியா வேணுமானு அதுதான் முடிவு பண்ணணும். அளக்கறதுக்கு அது உக்கார்ற இடத்தைக் குறிவைக்கற இன்ஃப்ராரெட் துப்பாக்கி. கொரோனா சமயத்துல நெத்தில காட்டினது இல்ல, அது மனுஷ ரேஞ்ச் மட்டும்தான் காட்டும். எலக்ட்ரீஷியன் வச்சிருப்பாரே, அந்த வகை. ஏசி ரூம்ல இருந்து தொட்டி வெளிய போச்சு. தொட்டியே போச்சு, இப்போ உயரமான மெஷ் கூண்டு.

நமக்கு மொட்டை மாடில இலவசமா சூரியன் இருக்கு. இவ்வளவு வெயில் அடிக்கற சென்னைல ஒரு ஜீவனுக்கு வெயில் இல்லாம எலும்பு கரைஞ்சதுதான் என்னால இன்னும் ஜீரணிக்க முடியாதது. காலைல கம்பிக் கூண்டுல அரை மணி நேரம், பாதி நிழல், ஒரு கிண்ணம் தண்ணி, நீங்க பக்கத்துலயே. காக்காவும் பருந்தும் நீங்க காபி எடுத்துட்டு வர்ற வரைக்கும் காத்திருக்காது. கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயில்ல வைக்கவே வைக்காதீங்க. பத்து நிமிஷத்துல அடுப்பாகிடும்.

கீரை விஷயத்துல அம்மாதான் என்னைவிட வேகமா பிடிச்சாங்க. கால்சியம், பாஸ்பரஸ் ரெண்டும் 2:1 போல இருக்கணும். நான் போட்டுட்டிருந்தது வெள்ளரிக்காய், லெட்டூஸ், பாலக். முதல் ரெண்டும் பெரும்பாலும் தண்ணி. பாலக்ல இருக்கற ஆக்சலேட், இருக்கற கால்சியத்தையும் கட்டிப்போட்டுடும். தண்டுக்கீரை, அரைக்கீரை வகையும் தினப்படிக்கு ஆகாது. ஆனா முருங்கைக்கீரை 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், அகத்திக்கீரைல 900-க்கும் மேல. செம்பருத்தி இலையும் பூவும் மல்லிக்கு உசுரு. மாத்தி மாத்திப் போட்டு, மேல கொஞ்சம் கால்சியம் பவுடர். "அதுக்கும் சத்துக்கு வேற பூ"னு அம்மா முணுமுணுத்துக்கிட்டே மாடில ரெண்டு செம்பருத்தித் தொட்டி வச்சாங்க. முட்டை, கோழி எல்லாம் கொடுத்தா சீக்கிரம் வளரும்னு சொல்ற ஆட்கள் இருக்காங்க. இகுவானாவுக்கு மாமிசப் புரதம் தேவையே இல்ல. வயசான இகுவானாக்களை அதிகம் சாய்க்கறது சிறுநீரகக் கோளாறு. தப்பான சாப்பாடும் தண்ணி பத்தாததும் அதுக்கு நேர் வழி.

அடுத்தது சூடு. இது எனக்குப் புதுசா தெரிஞ்ச விஷயம். நமக்கு இன்ஃபெக்‌ஷன் வந்தா உடம்பு தானா சூட்டை ஏத்தும், காய்ச்சல்னு படுப்போம். பல்லியால உள்ளிருந்து சூட்டை ஏத்த முடியாது. அப்போ அதுக்குக் காய்ச்சல் வருமா? வரும். நடந்து போய் வாங்கிட்டு வரும். 1974, 75-ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல மேத்யூ க்ளூகர் குழு பாலைவன இகுவானாக்களை வச்சு இதைக் காட்டினாங்க. பாக்டீரியா ஏறின பல்லிகள் வழக்கத்தைவிட 2 டிகிரி போல அதிக சூடான இடத்தைத் தேடிப்போச்சு. அதே நோயோட சிலதை 34, 36 டிகிரிலயும், சிலதை 38-லயும், சிலதை 40, 42-லயும் அடைச்சுவச்சுப் பாத்தாங்க. சூட்டுல இருந்தது கணிசமா அதிகம் பிழைச்சுது. குளிர்ல இருந்தது அதிகம் செத்துச்சு.

இதை நம்ம பெட்டிக்குக் கொண்டுவாங்க. நோய் வந்த பல்லியை 26 டிகிரில வச்சுட்டு ஆன்டிபயாட்டிக் கொடுத்தா, மருந்து இருக்கும், அதோட சேந்து சண்டை போடற உடம்பு தூங்கிட்டிருக்கும். ஜீரணமும் அப்படித்தான். குளிர்ந்த பல்லிக்கு வாயைத் திறந்து சாப்பாடு திணிச்சா உள்ளயே கெட்டுப்போகும். முதல்ல சூடு, அப்புறம் தண்ணி, அப்புறம்தான் சாப்பாடு. "சாப்பிட மாட்டேங்குது"னு எனக்கு மெசேஜ் போடறவங்கள்ட்ட நான் முதல்ல கேக்கறது, அது உக்கார்ற இடத்துல எத்தனை டிகிரின்னுதான். சூட்டுக்காகக் கடைல விக்கற 'ஹீட் ராக்', அந்தச் சூடு கல், அதை மட்டும் வாங்காதீங்க. வயிறு வெந்தாலும் அதுமேலயே உக்காந்திருக்கும். தீக்காயத்தோட வர்ற கேஸ் நிறைய இதுதான்.

நோய் இல்லாததைப் பாத்துப் பயந்த கதையும் உண்டு. மல்லி தும்மும். கூண்டுல வெள்ளையா உப்புப் படியும். சளின்னு நினைச்சு ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருந்தேன். இகுவானா மூக்குல உப்புச் சுரப்பி இருக்கு, அதிகமான உப்பைத் தும்மித்தான் வெளியேத்தும். தொடைக்குக் கீழ வரிசையா புள்ளி புள்ளியா மெழுகு மாதிரி இருக்கும், அது புண் இல்ல, சுரப்பித் துவாரம். தோல் உரியும்போது மங்கி, ஒட்டடை பிடிச்ச மாதிரி இருக்கும், அதுவும் சரி. வெயில் காயும்போது வாயைத் திறந்து வச்சிருந்தா சூட்டை விடுது. ஆனா குளிர்ந்த ஓரத்துல உக்காந்து வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, மூக்குல குமிழி விட்டா அது நுரையீரல் தொற்று. அதே வாய், அதே திறப்பு. எந்த இடத்துல உக்காந்து திறக்குதுங்கறதுதான் வித்தியாசம். பல்லிக்கு நமக்கு இருக்கற மாதிரி உதரவிதானம் கிடையாது. சளியை நல்லா இருமித் துப்ப முடியாது, உள்ளயே தங்கும். ரெண்டு நாள் பாப்போம்னு இருக்காதீங்க.

தோல் உரியறதுல ஒரே ஒரு சிக்கல், விரல் நுனியும் வால் நுனியும். அங்க பழைய தோல் வளையம் மாதிரி நின்னுட்டா, அடுத்த தடவை இன்னொரு வளையம், ரத்த ஓட்டம் நின்னு விரலே கருகி விழும். வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் ஊறவச்சு, ஈரத் துணியால மெல்லத் தள்ளுங்க. வரலைன்னா விட்டுட்டு நாளைக்கு. பிய்க்காதீங்க.

ஈறுல சின்னச் சின்ன ரத்தப் புள்ளி, ஓரத்துல மஞ்சளா ஏதோ ஒட்டியிருந்தா வாய்ப்புண். உடம்புல எங்கயாவது கெட்டியா கட்டி இருந்தா, பழுக்கும், உடையும்னு காத்திருக்காதீங்க. இதுங்களோட சீழ் ஒழுகாது. பனீர் மாதிரி கட்டியா இருக்கும், டாக்டர் கீறித்தான் எடுக்கணும். அம்மா மஞ்சள் பத்துப் போடலாமான்னு கேட்டாங்க. மனுஷக் கட்டிக்கே எனக்கு அதுல சந்தேகம்தான், இதுக்கு நிச்சயமா வேண்டாம்.

எச்சத்தைத் தினமும் பாருங்க. பழுப்பு ஒரு பாகம், வெள்ளையா ஒரு பாகம். அந்த வெள்ளைதான் அதோட சிறுநீர். மெதுவா இருக்கணும். மஞ்சளாகி மணல் மாதிரி கெட்டியானா உடம்புல தண்ணி இல்ல. கண்ணு உள்வாங்கறதும், கிள்ளின தோல் மடிப்பு அப்படியே நிக்கறதும் அதோட சேந்து வரும். புழு இருக்குமோனு பயந்து நீங்களா மருந்து கொடுக்காதீங்க. இகுவானா குடல்ல சில புழுக்கள் சாதாரணமாவே இருக்கும். எச்சத்தை மைக்ரோஸ்கோப்ல பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

இது எல்லாத்துக்கும் முன்னாடி சொல்ற கருவி ஒண்ணு இருக்கு, 400 ரூபாய் சமையல் தராசு. பல்லிக்குன்னே தனியா வாங்குங்க, அடுப்படில இருக்கறதை எடுத்தா அம்மா சும்மா விட மாட்டாங்க. பல்லி நோயை மறைக்கும். காட்டுல சோர்ந்து தெரிஞ்சா பருந்துக்கு இரை, அந்தப் பழக்கம் கூண்டுலயும் போகாது. முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. எடை பொய் சொல்லாது. ஞாயித்துக்கிழமை காலைல ஒரு நம்பர், ஒரு ஷீட்ல. வளர்ற குட்டி ரெண்டு வாரம் தொடர்ந்து எடை ஏறாம நின்னா பெட்டியைச் சோதிங்க, இறங்கினா டாக்டரைப் பாருங்க. நான் டெலிகிராம் பாட் எழுதின நேரத்துல இதைப் பண்ணியிருந்தா மூணாவது மாசமே தெரிஞ்சிருக்கும்.

ராத்திரி ஒரு மணிக்கு ஏதோ ஆச்சு, காலைலதான் டாக்டர். என்ன பண்றது? கிளையை எடுத்துடுங்க. 28, 30 டிகிரில அமைதியா, இருட்டா வைங்க. தலையைத் தூக்கிவச்சுக்கற தெம்பு இருந்தா மட்டும் தாடை முங்காத அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம். தலை தொங்கினா தண்ணி வேண்டாம். மனுஷ மாத்திரை எதுவும் வேண்டாம். வால் அறுந்தா பதறாதீங்க, ரத்தம் அதிகம் வராது, சுத்தமா வைங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க, பெரும்பாலும் தைக்காம ஆற விடுவாங்க. கொண்டுபோகும்போது துளை போட்ட அட்டைப்பெட்டி, துண்டு, துணில சுத்தின வெந்நீர் பாட்டில் ஒரு ஓரத்துல. கூடவே கூண்டோட போட்டோ, பல்போட டப்பா, போன வாரம் என்ன சாப்பிட்டுச்சுங்கற லிஸ்ட், புது எச்சம் ஒரு டப்பால.

உங்களுக்கும் ஒண்ணு. நல்லா இருக்கற பல்லியோட குடல்லயும் சால்மோனெல்லா இருக்கலாம். தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவணும், அதோட கிண்ணத்தைச் சமையலறை சிங்க்ல கழுவக்கூடாது. 5 வயசுக்குக் கீழ குழந்தைகள், கர்ப்பிணிகள், வயசானவங்க தள்ளியே இருக்கணும். அக்கா குழந்தையோட வர்ற நாள்ல மல்லி ரூமுக்குப் பூட்டு.

மல்லி பிழைச்சுது. துடிப்பு நின்னது ஒரு வாரத்துல. தானா முதல் இலையைக் கடிச்சது பன்னெண்டாவது நாள், செம்பருத்திப் பூ. கிளை ஏற விட்டது நாலு மாசம் கழிச்சு. முதல் மாசச் செலவு மட்டும் 9,000 ரூபாய்க்கு மேல. கீழ்த்தாடை இப்பவும் கொஞ்சம் குட்டையா, ஓரமா வளைஞ்சிருக்கும். முதுகுல வால் ஆரம்பிக்கற இடத்துல ஒரு கோணல். எலும்பு கெட்டியாகும், ஆனா வளைஞ்சது வளைஞ்சதுதான்னு டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாங்க. பெரிய இலையை அதால நறுக்னு கடிக்க முடியாது, நாங்க கிழிச்சுப் போடறோம்.

இந்த வருஷம் பிப்ரவரில திடீர்னு சாப்பாட்டை நிறுத்திடுச்சு. கூண்டு மூலைல பறாண்டிக்கிட்டே இருந்துச்சு. எனக்குக் கை காலெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துட்டுச் சிரிச்சாங்க. வயிறு முழுக்க முட்டை. மல்லி பெண்ணுங்கறதே அன்னிக்குத்தான் தெரியும். ஆண் துணையே இல்லாம இகுவானா முட்டை போடும். சாப்பிடாட்டியும் சுறுசுறுப்பா இருந்தா பயமில்ல, சோர்ந்து படுத்தா முட்டை சிக்கிக்கிச்சுனு அர்த்தம், அது அவசரம். எலும்பு ஏற்கெனவே கடன்ல இருந்த உடம்பு, முட்டை ஓட்டுக்கு வேற கால்சியம் போகும்னு அவங்க கவலைப்பட்டாங்க. கால்சியம் கூட்டினோம், பெரிய பிளாஸ்டிக் டப்பால ஈர மண் நிரப்பி வச்சோம். ஒன்பது நாள் ராத்திரியெல்லாம் கேமராவைப் பாத்துக்கிட்டே இருந்தேன். பத்தாவது நாள் காலைல மண்ணுக்குள்ள 23 முட்டை.

மறுநாள் எடை 1,120 கிராம். போன ஞாயிறு 1,310. உங்க பல்லிக்கு ஏதாவது சந்தேகம்னா கூண்டோட போட்டோவும் எடை நம்பரும் சேத்து அனுப்புங்க. மருந்து சொல்ல மாட்டேன், சென்சார் எங்க இருக்குன்னு மட்டும் கேப்பேன். அடுத்த வாரம் பாக்கலாம்.